பனைமரத்துப் பல்லி: கேள்வியும் பதிலும்

இராமநாதபுரம் கடலோரத்து மரப்பல்லி பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

தேவிபட்டினம்: அண்ணா, பனையில் இருப்பதும் வீட்டுச் சுவரில் இருப்பதும் ஒன்றா?

பெரும்பாலும் வேறு. மரப்பல்லி தடித்த உடம்புக்காரன். சாம்பல் முதுகில் கரும்பழுப்பு அலைக்கோடுகள் ஓடும். அறிவியல் பெயர் ஹெமிடாக்டைலஸ் லெஷனோல்ட்டி, 1836இல் வைத்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக உண்டு. வீட்டுக்குள்ளும் நுழையும் என்பதால், இடத்தைப் பார்க்காமல் முதுகைப் பாருங்கள்.

ஏர்வாடி: பெரிய பல்லிக்கு லட்சக்கணக்கில் தருவதாக ஒருவர் அலைகிறாரே?

அவர்கள் தேடுவது தோக்கே பல்லி. இந்தியாவில் அது பெரும்பாலும் வடகிழக்கு மாநிலங்களில் வாழ்கிறது. நம் ஊரில் கிடையாது. எய்ட்ஸைக் குணப்படுத்தும் என்ற கட்டுக்கதையால் வந்த விலை அது. 2019இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கும் அளவுக்கு வேட்டை மிஞ்சிவிட்டது. நம் மரப்பல்லியைக் காட்டி ஏமாற்றுகிறவர்களும் இருப்பார்கள். வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள்.

சாயல்குடி: ஐயா, பனையில் காய்ந்த மட்டைகளைக் கழித்தால் பல்லிக்குக் கேடா?

நல்ல கேள்வி. பகலில் மரப்பல்லி ஒடுங்குவது மட்டைகளின் அடியிலும் பட்டை வெடிப்பிலும்தான். ஓடு கெட்டியான வெள்ளை முட்டைகளை, ஒரு முறைக்கு இரண்டாக, அப்படிப்பட்ட இடுக்குகளில்தான் இடும். ஆனால் பதநீர் இறக்குகிறவரிடம் மட்டையைக் கழிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. மட்டை ஓரத்துக் கருக்கு கையை அறுத்தால் தெரியும். ஏறாத மரங்களை மட்டும் அப்படியே விடுங்கள், போதும். பெரிய கேடு செங்கல் சூளைக்கு மரத்தையே சாய்ப்பது. பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்ததை ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? இந்தப் பல்லி இன்று அருகிய இனம் அல்ல. அப்படியே வைத்திருக்கக் கிழட்டு மரங்கள் நிற்க வேண்டும்.

திருப்புல்லாணி: சீமைக்கருவேலத்தை அகற்றலாமா?

தாராளமாக. ஆனால் பொக்லைன் ஓட்டுநருக்கு உடைமரமும் முள், சீமைக்கருவேலமும் முள். விட்டுவைக்க வேண்டிய உடை, வேம்பு, பூவரசு ஆகியவற்றில் அடையாளமாக முதல்நாளே சுண்ணாம்பு அடித்து வையுங்கள்.

மண்டபம்: விஷம் உண்டா?

இல்லை. தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்திடம் கேளுங்கள்.

உச்சிப்புளி, பள்ளி மாணவி: வாலை விட்டுவிட்டு ஓடியது. செத்துவிடுமா?

சாகாது, பாப்பா. வால் திரும்ப முளைக்கும். உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு இருக்கும். ஆனால் சேமித்த கொழுப்பு பழைய வாலோடு போய்விட்டது. அதனால் சில வாரம் அதைத் துரத்தாமல் பூச்சி பிடிக்க விடு.