மரத்திலிருந்து விழுந்தவருக்குத் தண்டுவடத்தில் அடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் விளையில் (தோப்பில்) தேங்காய் வெட்ட ஏறியவர் விழுந்துவிட்டார், கால் அசையவில்லை, கை நன்றாக இருக்கிறது, தண்டுவடத்தில் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டில்) அடியா என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தேகப்பட வேண்டியதுதான். கை தப்பியிருப்பதால் அடி பெரும்பாலும் கழுத்துக்குக் கீழே.

உணர்வு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று மருத்துவர் தொட்டுப் பார்ப்பார். தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்புகளைக் கழுத்து, மார்பு என்று பகுதி பிரித்து மேலிருந்து எண்ணுவார்கள்: மார்புக்காம்பு மட்டம் நான்காவது மார்பு நரம்பு, தொப்புள் பத்தாவது. கழுத்தில் அடி என்றால் கையே கணக்குச் சொல்லும்: முழங்கையை மடக்குவது ஐந்தாவது கழுத்து நரம்பு, நீட்டுவது ஏழாவது. மடக்க முடிந்து நீட்ட முடியாவிட்டால் அடி அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஆசனவாயைச் சுற்றி உணர்வு மிச்சமிருந்தால் தண்டுவடம் முழுதாகச் செயலிழக்கவில்லை; மீள வாய்ப்பு அதிகம். மருத்துவர் செய்யும் இந்தச் சோதனையைக் கூச்சப்பட்டுத் தவிர்க்க வேண்டாம்.

ஏமாற்றுகிற வகை ஒன்று உண்டு. வயதானவர் முகம்குப்புற விழுந்து கழுத்து பின்னால் வளைந்தால், காலைவிடக் கைதான் அதிகம் தளரும். ‘நடக்கிறாரே’ என்று வீட்டிலேயே வைத்துவிடுவார்கள்! கத்திக்குத்தில் பாதித் தண்டுவடம் வெட்டுப்பட்டால் ஒரு பக்கம் பலவீனம், மறுபக்கம் வலியும் சூடும் தெரியாது.

சரி, விழுந்த இடத்தில் இதையெல்லாம் சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். உட்கார வைக்காமல், ஆட்டோவில் மடக்கி ஏற்றாமல், கழுத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.