கெய்ரோவின் பழைய இஸ்லாமிய நகரை அரை நாளில் நடந்தே பார்ப்பது எப்படி?

கேள்வி: வழிகாட்டியுடன் போகிறோம், அரை நாள்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

வடக்கே பாபுல் ஃபுதூஹ் வாசலில் தொடங்கி, அல்-முயிஸ் தெரு வழியே தெற்கே பாப் ஸுவைலா வாசல் வரை நடங்கள். பலர் டாக்ஸியில் கான் அல்-கலீலி கடைத்தெருவில் இறங்கிவிடுகிறார்கள். அது தெருவின் நடுப்பகுதி என்பதால் வடக்குப் பாதி விட்டுப்போகும். ஓட்டுநரிடம் வாசலின் பெயரையே சொல்லுங்கள்.

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் அல்-ஹாகிம் பள்ளிவாசல். அதைத் தாண்டிச் சற்று நடந்தால் 1125இல் கட்டிய அல்-அக்மர் பள்ளிவாசல். அளவில் சிறியது, ஆனால் அவசரப்படாதீர்கள். தொழுகைத் திசையான கிப்லா ஒரு பக்கம், தெரு வேறு பக்கம். அதனால் முகப்பைத் தெருவுக்கு இணையாக வைத்து, உள்முற்றத்தைக் கிப்லாவை நோக்கித் திருப்பியிருக்கிறார்கள். அந்தக் கோண வித்தியாசத்தை முன்சுவர் விழுங்கிக்கொள்கிறது: ஒரு முனையில் ஒல்லி, மறுமுனையில் தடிமன். வாசலுக்கு மேலே சிப்பி வடிவ வரிகளின் நடுவில் ஒரு வட்டப் பதக்கம் இருக்கும். அதில் உள்ள எழுத்துகளை வழிகாட்டியிடம் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது சுல்தான் கலாவூன் வளாகம் (1284–85). நேரம் குறைவென்றால் மற்றதை விட்டாலும் இங்குள்ள கல்லறை மண்டபத்தை விடாதீர்கள்.

பிறகு அல்-அஸ்ஹர் சாலையைக் கடந்தால் சுல்தான் அல்-கூரி வளாகம், கடைசியாக பாப் ஸுவைலா (1092). அதன் மேல் நிற்கும் இரட்டை மினார்கள் பக்கத்து முஅய்யத் பள்ளிவாசலுக்குச் சொந்தமானவை.

வெள்ளி நண்பகலைத் தவிருங்கள்; ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல்களைச் சுற்றிப் பார்க்க முடியாது. பெண்களுக்குத் தலைத்துணி வேண்டும். காலணி பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கச் சில்லறை நோட்டு வைத்திருங்கள்.