அலுவலகத்தில் இவி சார்ஜர்: கொட்டேஷனின் முதல் வரியைக் கடைசியில் படியுங்கள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 140 பேர் வேலை செய்கிறோம். 9 பேரிடம் மின்சார கார் இருக்கிறது, சுமார் 20 பேரிடம் மின்சார ஸ்கூட்டர். பார்க்கிங்கில் சார்ஜர் வைக்க நிர்வாகம் முடிவு செய்து, பட்ஜெட் போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டது. ஒரு காண்ட்ராக்டர் 22 கிலோவாட் ஏசி சார்ஜர் 6, 50 கிலோவாட் டிசி ஃபாஸ்ட் சார்ஜர் 1 என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். நான் கணக்குப் பிரிவு, மின்சாரம் எனக்குத் தூரம். இவ்வளவு தேவையா? பட்ஜெட்டில் வேறு என்னென்ன சேர்க்க வேண்டும்?

பதில்: அந்தக் கொட்டேஷனை மூடி வைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பது இங்கே நல்லதாகவே போயிற்று. இதில் பாதி வேலை வெறும் பெருக்கல், வகுத்தல்தான்.

ஒரு கிலோவாட் லோடு ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு மின்சார கார் 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 15 யூனிட் வேண்டும். வண்டியின் எடையையும் ஓட்டுபவரின் காலையும் பொறுத்து அது 12 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். வீட்டிலிருந்து வந்துபோக 40 கிலோமீட்டர் என்றால் 6 யூனிட். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் சூடாகி வீணாகும், அதையும் சேர்த்து 7 என்று வையுங்கள். 9 காருக்கு 63 யூனிட். கார்கள் உங்கள் பார்க்கிங்கில் 8 மணி நேரம் சும்மா நிற்கின்றன. 63ஐ 8ஆல் வகுத்தால் 8 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. நான்கு வாட்டர் ஹீட்டர் ஒன்றாக ஓடினால் இழுக்கும் லோடு, அவ்வளவுதான்.

இப்போது கொட்டேஷனைத் திறந்து கூட்டிப் பாருங்கள். 6 பெருக்கல் 22, கூட்டல் 50. மொத்தம் 182 கிலோவாட்.

காண்ட்ராக்டர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பெட்ரோல் பங்க் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது: வண்டி வரவேண்டும், நிரப்பவேண்டும், கிளம்பவேண்டும். நெடுஞ்சாலையில் அது சரி. காலையில் வந்து சாயங்காலம் போகிற இடத்தில் அந்த அவசரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஏசி சார்ஜர் என்று சுவரில் மாட்டும் பெட்டி உண்மையில் சார்ஜரே இல்லை. அது ஒரு பாதுகாப்பான ஸ்விட்ச். “நீ இத்தனை ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம்” என்று காருக்குச் சொல்லும், அவ்வளவே. லைனில் வரும் ஏசி மின்சாரத்தை, பேட்டரி ஏற்றுக்கொள்ளும் டிசியாக மாற்றி உள்ளே ஏற்றும் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. பல கார்களில் அது 7 கிலோவாட் அளவில்தான் இருக்கும், சிலவற்றில் 11, பழைய சிறிய கார்களில் 3.3. காருக்குள் 7 இருந்தால், வெளியே 22 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் 7தான் ஏறும். டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் அந்த மாற்றும் வேலை வெளியே, பெட்டிக்குள் நடக்கிறது. அதனால்தான் அந்த விலை, அந்த ஃபேன் சத்தம், அந்தப் பராமரிப்பு. மதியம் ஒரு மணி நேரம் மட்டும் வந்து நின்றுவிட்டு மறுபடி ஓடுகிற டெலிவரி வேன்கள் உங்களிடம் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

அடுத்து, 9 பேரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: தினமும் எத்தனை கிலோமீட்டர், காருக்குள் இருக்கும் சார்ஜர் எத்தனை கிலோவாட், வீட்டில் சார்ஜ் செய்ய வசதி உண்டா. மூன்றாவதுதான் முக்கியம். வீட்டில் வசதி இருப்பவர் தினமும் வரமாட்டார். அடுக்குமாடியில் பிளக் பாயின்ட் கிடைக்காமல் தவிப்பவர்தான் உங்கள் நிரந்தர வாடிக்கையாளர். அடுத்த இரண்டு வருடத்தில் மின்சார வண்டி வாங்கும் எண்ணம் இருக்கிறதா என்று மற்றவர்களிடமும் கேட்கலாம். ஆனால் யூனிட்டுக்கு இவ்வளவு கட்டணம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். இலவசம் என்ற நினைப்பில் கை தூக்குபவர்களை நம்பி பட்ஜெட் போட முடியாது.

சரி, 9 காருக்கு எத்தனை பாயின்ட்? நான்கு வைத்து, மதியம் வண்டியை மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். தாளில் அழகாகத்தான் இருக்கும். நடைமுறையில் மீட்டிங் நடுவில் ஒருவர் சாவியோடு ஓடுவார், “சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்கவில்லை” என்று குரூப்பில் சண்டை வரும், கடைசியில் அதைத் தீர்த்துவைக்கிற வேலையும் உங்களுக்கே வரும். ஒருமுறை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றவேண்டும் என்கிற மாதிரி, நிதானமான பாயின்ட் ஒன்பதும் வைப்பதே என் கட்சி.

ஒன்பது பெட்டி என்றால் செலவு ஏறாதா? ஏறும். ஆனால் எங்கே ஏறுகிறது என்று பாருங்கள்.

230 வோல்ட்டில் 32 ஆம்பியர் என்றால் ஒரு ஃபேஸில் 7.4 கிலோவாட். மூன்று ஃபேஸிலும் 32 ஆம்பியர் என்றால் 22 கிலோவாட். உங்கள் காண்ட்ராக்டர் ஒரே ஒரு சார்ஜருக்கு இழுக்க நினைத்த அதே லைன் ஒன்பது காருக்கும் போதும். பேனல் அறையிலிருந்து பார்க்கிங் வரை ஒரு மூன்று ஃபேஸ் கேபிள், அங்கே ஒரு சின்ன டிபி (லைனைப் பல கிளைகளாகப் பிரிக்கும் பலகை), அதிலிருந்து ஒன்பது 7.4 கிலோவாட் பெட்டிகள், ஃபேஸுக்கு மூன்று. ஒன்பதும் ஒரே நேரத்தில் மாட்டப்பட்டால் ஆளுக்குப் பத்து ஆம்பியர் அளவில் பங்கு பிரித்துக்கொள்ளும். கார் சார்ஜிங் தர விதியின்படி ஒரு காருக்கு 6 ஆம்பியருக்குக் குறையக்கூடாது, அதற்கு மேலேயே இருக்கிறது. 63 யூனிட்டை 22ஆல் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மதிய உணவுக்கு முன் எல்லாக் காரும் தயார். நாளைக்கு 15 கார் வந்தாலும் இதே லைன் தாங்கும்.

இப்படிப் பங்கு பிரிக்கும் வேலைக்கு லோடு மேனேஜ்மென்ட் என்று பெயர். கொட்டேஷனில் இந்தச் சொல் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் உங்கள் மாத பில்லையும் இதுதான் காப்பாற்றும். பெரிய இணைப்பு வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு யூனிட் கட்டணத்தோடு டிமாண்ட் சார்ஜும் உண்டு. மாதத்தில் எந்த 15 நிமிடத்திலோ 30 நிமிடத்திலோ அதிகமாக இழுத்தீர்களோ, அதை வைத்து மாதம் முழுவதற்கும் கட்டணம் போடுவார்கள். ஒன்பது மணிக்கு எல்லோரும் வருகிறார்கள், அறைகளைக் குளிர்விக்கும் ஏர் கண்டிஷனர் எல்லாம் ஓட ஆரம்பிக்கிறது, அதே நேரத்தில் ஒன்பது காரும் 7.4 கிலோவாட் இழுத்தால் கிட்டத்தட்ட 67 கிலோவாட் கூடுதல். அரை மணி நேரக் கூத்துக்கு மாதம் முழுக்க அபராதம். 22இல் பூட்டு போட்டுவிட்டால் இந்த வம்பு இல்லை. கடந்த 12 மாத பில்களை எடுத்து, அதில் பதிவான அதிகபட்ச டிமாண்டையும் உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட லோடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் 22 கிலோவாட் இடம் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் லோடு கூட்ட விண்ணப்பம், ஒருவேளை புது டிரான்ஸ்பார்மர். சார்ஜர் திட்டங்களை வருடக்கணக்கில் இழுத்தடிப்பது பெரும்பாலும் அந்த வரிதான்.

அப்புறம் தூரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என் அனுபவத்தில் பட்ஜெட் ஓட்டையாவது இங்கேதான்.

50 மீட்டர் தூரத்தில் 32 ஆம்பியர் எடுக்கும் ஒரு சிங்கிள் ஃபேஸ் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டால் போக வர 100 மீட்டர். வழியிலேயே 9 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், அதாவது 4 சதவீதம். ஏறக்குறைய 300 வாட் கேபிளைச் சூடாக்குவதிலேயே கழியும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 6 வோல்ட்டுக்குள் வரும், ஆனால் செம்பு ஒன்றரை மடங்குக்கு மேல். இன்னும் தூரம் போனால் இன்னும் தடிமன். அதோடு இது கெட்டில் மாதிரி ஐந்து நிமிட லோடு இல்லை, மணிக்கணக்கில் முழு ஆம்பியர் ஓடும். அதனால் 32 ஆம்பியர் சார்ஜருக்கு 40 ஆம்பியர் பிரேக்கர் போடுவது வழக்கம். அமெரிக்க மின் விதிகள் கால் பங்கு கூடுதல் இருந்தே ஆகவேண்டும் என்கின்றன.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படவேண்டும் என்று வாசலருகே நான்கு சார்ஜர் கேட்டார்கள். பேனல் அறையோ கட்டடத்தின் பின்பக்கம். 90 மீட்டர். பதித்திருந்த கல்லைப் பெயர்த்து, குழி வெட்டி, வண்டி ஏறும் இடத்தில் ஆழமாகக் குழாய் போட்டு, மறுபடி கல் பதித்து முடித்தபோது அந்தச் செலவு நான்கு பெட்டிகளின் விலையைத் தாண்டிவிட்டது. பின்பக்கத்து வரிசையில் வைத்திருந்தால் 12 மீட்டர். கொடுமை அதோடு முடியவில்லை. சிக்கனம் என்று சரியாக நான்கு கேபிளுக்கான குழாய் மட்டும் போட்டிருந்தோம். ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு சார்ஜர் வேண்டும் என்றார்கள். அதே கல், அதே குழி, இரண்டாவது முறை. குழி திறந்திருக்கும்போது காலிக் குழாய் இரண்டு சேர்த்துப் போட அன்று நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். உங்கள் காண்ட்ராக்டர் “22 கிலோவாட் எதிர்காலத்துக்கு உதவும்” என்று சொன்னால், அதற்குப் பதிலாகக் காலிக் குழாயும் டிபியில் காலி இடமும் கேளுங்கள்.

பாதுகாப்பில் ஒரு வரியை மட்டும் விடாதீர்கள். கார்களிலிருந்து சிறிதளவு டிசி மின்சாரம் கசிய வாய்ப்புண்டு. அப்படிக் கசிந்தால் சாதாரண ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், மந்தமாகிவிடும், ஷாக் அடிக்கும்போது விழவேண்டியது விழாமல் போகலாம். அதனால் “6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா?” என்று கேளுங்கள். இருந்தால் டைப் ஏ ஆர்சிசிபி போதும். இல்லையென்றால் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் டைப் பி, அதன் விலை வேறு உயரத்தில் இருக்கும். மலிவான பெட்டி என்று வாங்கி, இங்கே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. எர்த்திங், டயர் முட்டாமல் தடுக்கும் கட்டை, விளக்கு, தரையில் கோடு எல்லாம் சின்னச் செலவு. சேர்த்து ஒரு வரியாக எழுதிவிடலாம்.

வருடச் செலவில் மின்சாரம் போக, மென்பொருள் சந்தா இருக்கிறது. யார் எத்தனை யூனிட் எடுத்தார் என்று கணக்கு வைக்க அது வேண்டும். பெட்டிகள் ஓசிபிபி என்ற பொது நெறிமுறையில் பேசுகின்றனவா என்று எழுத்தில் வாங்குங்கள். பேசினால், சந்தா ஏறினாலோ நிறுவனம் மூடினாலோ அதே பெட்டிகளை வேறொரு சேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். பேசாவிட்டால் சுவரில் மாட்டிய ஒன்பது பெட்டியும் ஒருவர் கையில் சிக்கின மாதிரி. பார்க்கிங் பேஸ்மென்ட்டில் இருந்தால் மொபைலை எடுத்துக்கொண்டு போய் சிக்னல் பாருங்கள். இல்லையென்றால் நெட்வொர்க் கேபிள் ஒன்றும் குழியில் போகவேண்டும். பழுது என்று பார்த்தால் பெட்டியைவிட அதில் தொங்கும் கேபிள்தான் அதிகம் அடிபடும்: தரையில் போட்டுவிட்டுப் போவார்கள், அடுத்த வண்டி மேலே ஏறும். கேபிளைச் சுற்றிவைக்கக் கொக்கி இருக்கிற மாடலாக வாங்குங்கள்.

ஸ்கூட்டர்களைப் பற்றிக் கொட்டேஷனில் ஒரு சொல்கூட இல்லை என்று நினைக்கிறேன். 20 பேர் அவர்கள்தான்! ஒரு ஸ்கூட்டர் 40 கிலோமீட்டருக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்டுக்கு மேல் கேட்காது. அதோடு வரும் சார்ஜர் பெரும்பாலும் 1 கிலோவாட்டுக்குள்தான் இழுக்கும். நனையாத இடத்தில், மூடியுள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டுகள், தனித்தனி பாதுகாப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மீட்டர். உங்கள் முழு பட்ஜெட்டிலும் மிகக் குறைந்த பணத்தில் மிக அதிகம் பேர் பயனடையும் வரி இதுதான். இது இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோய் மேஜைக்கு அடியில் சார்ஜ் போடுவார்கள். பேட்டரி தீப்பிடித்தால், அது இருக்கவே கூடாத இடம் அதுதான்.

கட்டணம் வாங்குவதா என்பது நிர்வாகத்தின் முடிவு. வாங்கினால் யூனிட் கணக்கில் வாங்குங்கள். மணிக்கணக்கில் என்றால் 3.3 கிலோவாட் கார் வைத்திருப்பவர் அதே யூனிட்டுக்கு இரட்டிப்பாகக் கொடுப்பார். மின்சாரத்தை ஊழியருக்கு விற்க அனுமதி உண்டா, இலவசமாகக் கொடுத்தால் அது சம்பளத்தோடு சேர்ந்த சலுகையாக வரிக்குள் வருமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காண்ட்ராக்டரிடம் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுக்கும்போது பெட்டி, கேபிள், பேனல் வேலை, குழி வேலை, அனுமதி மற்றும் சோதனை, வருடச் சந்தா என்று தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். எதிர்பாராத செலவு என்று நான் ஒதுக்குவது குழி வேலையில் மட்டும்தான், அதன் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. பழைய குழாயும் பாறையும் தோண்டினால்தான் தெரியும். மற்ற வரிகளில் எதிர்பாராதது என்று யாராவது எழுதினால் அவர் இடத்தை வந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்க்கிங் டிபிக்கு ஒரு தனி சப் மீட்டர் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் காலை 9 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் ரீடிங் எழுதிவைத்தால், பத்தாவது சார்ஜர் கேட்டு யாராவது வரும்போது உங்கள் கையில் எண் இருக்கும்.