லோடு ஏறினால் மட்டும் தீப்பொறி

அன்புள்ள ஐயா,

எங்கள் டிசி மோட்டார் எதிர்த்திசையில் சுற்ற வேண்டியிருந்தது. சுற்றும் பகுதிக்குக் கரண்டு கொடுக்கும் கார்பன் பிரஷ்களுக்குப் போகும் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றினோம், வேறு எதையும் தொடவில்லை. சும்மா ஓடும்போது பொறியே இல்லை. லோடு ஏற ஏறப் பொறி பறக்கிறது. இரண்டு முறை கார்பன் மாற்றியாகிவிட்டது. இடையில் நிற்கும் சிறு துருவமான இண்டர்போலையும் ஃபீல்டு (பெரிய துருவங்களின் சுருள்) போல நேராகச் சப்ளையில் கொடுத்தால் என்ன?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘வேறு எதையும் தொடவில்லை’ என்கிறீர்களே, கோளாறே அதுதான். கார்பன் பாவம்.

ஒரு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 1500 சுற்று, பிரஷ் உரசும் உருளையான கம்யூட்டேட்டரில் 100 செம்புப் பட்டை என்றால், நொடிக்கு 2500 பட்டைகள் பிரஷ்ஷைக் கடக்கின்றன. பிரஷ் இரண்டு பட்டை அகலம் இருந்தால், அதனடியில் ஷார்ட் ஆகி நிற்கும் காயிலுக்குக் கிடைப்பது 0.8 மில்லிநொடி. அதற்குள் ஒரு பக்கம் ஓடிய 20 ஆம்பியர் நின்று, மறுபக்கம் 20 ஆம்பியராக ஓட வேண்டும். கரண்டு மாறுவதை எதிர்க்கும் காயிலின் தன்தூண்டல் சும்மா விடுமா? திரும்பாமல் மிஞ்சிய கரண்டு, பட்டை பிரஷ்ஷை விட்டு விலகும் விளிம்பில் பொறியாகிறது.

அந்த நேரத்தில் காயிலைத் திருப்பித் தள்ளத்தான் இண்டர்போல். பெரிய துருவங்களுக்கு நடுவே ஒல்லியாக நிற்கும். தடித்த கம்பியில் சில சுற்றுகள். ஆர்மேச்சரோடு (சுற்றும் பகுதியின் சுருள்களோடு) சீரீஸில் இருப்பதால் லோடு கூடும்போது அதன் புலமும் கூடும். நேராகச் சப்ளையில் கொடுத்தால் முதலில் அது எரியும். மெல்லிய கம்பியில் சுற்றி எரியாமல் பார்த்துக்கொண்டாலும், மாறாத புலம் ஏதோ ஒரு லோடுக்கு மட்டுமே பொருந்தும்.

நீங்கள் ஆர்மேச்சர் கரண்டைத் திருப்பிவிட்டு இண்டர்போலைப் பழையபடியே விட்டுவிட்டீர்கள். உதவ வேண்டியது இப்போது எதிர்த்துத் தள்ளுகிறது. லோடு இல்லாதபோது கரண்டு குறைவு, அதனால் தெரியவில்லை. ஆர்மேச்சர், இண்டர்போல் இரண்டையும் ஒரே உருப்படியாக நினைத்து, சேர்த்தே திருப்ப வேண்டும். அப்படியில்லை என்றால் ஃபீல்டை மட்டும் திருப்பியிருக்கலாம்.

அப்புறம், பெரிய மோட்டார்களில் துருவ முகப்பிலேயே காடி வெட்டி, ஆர்மேச்சரின் புலத்தைச் சமன்செய்யும் காம்பன்சேட்டிங் வைண்டிங் என்ற சுருளை வைத்திருப்பார்கள். லோடு திடீர் திடீரென ஏறி இறங்கும் உருட்டாலை மோட்டாருக்கு இண்டர்போல் மட்டும் போதாது. உங்களுடையதில் அது இருந்தால் அதையும் சேர்த்தே திருப்புங்கள்.

சரிபார்க்க ஒரு சின்ன காந்த ஊசி போதும். மோட்டார் என்றால், சுற்றும் திசையில் ஒரு வட துருவத்தை அடுத்து வரும் இண்டர்போலும் வடக்காக இருக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு இது நேரெதிர். வயரை மாற்றியதும் கால் லோடில் ஓட்டிப் பாருங்கள். கருத்த பட்டைகளைத் தேய்க்க எமரித் தாள் மட்டும் வேண்டாம், மெல்லிய மணல் தாளே போதும்.