ஆறு வருட ப்ளான்ட் அனுபவம் வீணாகுமா?

கேள்வி: நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினீயர். ஒரு கெமிக்கல் ப்ளான்ட்டில் ஆறு வருடமாக டிசிஎஸ், பிஎல்சி (ஆலையின் இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகள்) பராமரிப்பு பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டு, ஒன்றரை லட்சம் கட்டி சென்னையில் ‘எத்திக்கல் ஹேக்கிங்’ படித்து, தொழிற்சாலை சைபர் பாதுகாப்புத் துறைக்கு மாறலாமா? ‘உனக்கு கோடிங்கே சரியாகத் தெரியாதே, ஐடி பசங்களோடு எப்படிப் போட்டி போடுவாய்?’ என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்புச் சகோதரி, துறை மாறுங்கள், தாராளமாக மாறுங்கள். ஆனால் வேலையை விடாதீர்கள். அந்த ஒன்றரை லட்சத்திலும் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

2017-ல் சவுதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆபத்து வந்தால் ஆலையைத் தானாக நிறுத்தும் ட்ரைகோனெக்ஸ் பாதுகாப்பு கன்ட்ரோலருக்குள்ளேயே ‘ட்ரைடன்’ என்ற தீநிரலை (மால்வேர்) ஹேக்கர்கள் ஏற்றிவிட்டார்கள். ஜூன் மாதம் ப்ளான்ட் ட்ரிப் ஆனபோது, அதாவது தானாக நின்றபோது, கருவிக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். ஆகஸ்டில் மறுபடி ட்ரிப் ஆனபிறகே விஷயம் வெளியே வந்தது. கன்ட்ரோலரின் முகப்பில் ஒரு சாவி இருக்கும், உங்களுக்குத் தெரியும். லாஜிக்கை, அதாவது கன்ட்ரோலருக்குள் இருக்கும் நிரலை, மாற்றும் வேலை முடிந்ததும் அதை ‘ரன்’ நிலைக்குத் திருப்ப வேண்டும். அங்கே அது ‘ப்ரோக்ராம்’ நிலையிலேயே விடப்பட்டிருந்தது. தாக்கியவர்களுக்கு அதுவே வசதியாகிவிட்டது.

அந்தச் சாவி எந்த நிலையில் இருக்கிறது என்று பேனலைத் திறந்து பார்ப்பது யார்? உங்களைப் போன்ற இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள்தான். உங்கள் கணவரின் கேள்விக்கும் இதுவே என் பதில். நெட்வொர்க்கும் ஃபயர்வாலும் ஒரு வருடத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்த வால்வு மூடினால் எந்த ரியாக்டரில் அழுத்தம் ஏறும் என்பது ப்ளான்ட்டில் வருடக்கணக்காக நின்றவருக்குத்தான் தெரியும்.

ஐடியில் வைரஸ் வந்தால் அந்தக் கணினியைத் துண்டித்துவிடலாம், பேட்ச் (குறையைச் சரிசெய்யும் மென்பொருள் திருத்தம்) வந்தால் இரவோடு இரவாகப் போடலாம். ஓடும் ப்ளான்ட்டில் அது நடக்காது; பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் வரை காத்திருக்க வேண்டும். பழைய பிஎல்சி இருக்கும் நெட்வொர்க்கில் வழக்கமான ஸ்கேன் ஒன்றை ஓட்டினாலே அந்த பிஎல்சி நின்றுபோகலாம். கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இன்றும் பல ஆலைகளில் ஓடும் மோட்பஸ் என்ற தகவல்தொடர்பு முறை 1979-ல் வந்தது. கட்டளை யாரிடமிருந்து வருகிறது என்று அது கேட்பதே இல்லை. பொதுவான ஹேக்கிங் கோர்ஸ்களில் இதற்கெல்லாம் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. அதனால்தான் பணத்தைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

சரி, படிப்பு? நெட்வொர்க் அடிப்படைகளான டிசிபி/ஐபி, விஎல்ஏஎன், ஃபயர்வால் விதிகள், பிறகு விண்டோஸ் டொமைன், இவற்றில் தொடங்குங்கள். வீட்டு லேப்டாப்பில் ஓப்பன்பிஎல்சியையும் (மென்பொருள் வடிவ பிஎல்சி) வயர்ஷார்க்கையும் (நெட்வொர்க்கில் போகும் தகவலைக் காட்டும் மென்பொருள்) போட்டு, ஒரு மோட்பஸ் கட்டளை எப்படிப் போகிறது என்று கண்ணால் பாருங்கள், இரண்டும் இலவசம். அமெரிக்க அரசின் சிசா அமைப்பு இத்துறைக்கென்றே இலவச ஆன்லைன் பாடங்கள் வைத்திருக்கிறது. அப்புறம் தொழிற்சாலை சைபர் பாதுகாப்புக்கான ஐஇசி 62443 தரநிலை. ஜிஐசிஎஸ்பி மாதிரியான, இத்துறைக்கான சான்றிதழ்களுக்குச் செலவு அதிகம், கம்பெனி பணம் கட்டும்போது தேர்வு எழுதிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கற்றுக்கொண்டதை ஓடும் ப்ளான்ட்டில் ஒருபோதும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு அமைப்புகள் தனியாக இருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை. 2021-ல் மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கென்றே சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஹனிவெல், சீமென்ஸ், ஏபிபி போன்ற நிறுவனங்கள் இந்த வேலைக்குத் தனிப் பிரிவுகளே வைத்திருக்கின்றன. ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்தே முடிகிற வேலை இல்லை இது. வெளியூர்ப் பயணம் இருக்கும், ஷட்டவுன் காலத்தில் ராத்திரி பகல் பார்க்க முடியாது. இதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

நாளைக்கே உங்கள் மேலாளரிடம் அனுமதி கேட்டு ஒரு பட்டியல் போடத் தொடங்குங்கள். எந்த பிஎல்சி, என்ன ஃபர்ம்வேர் (அதற்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்), வெண்டர் வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்பு எது, கன்ட்ரோலர்களுக்கு நிரல் ஏற்றும் இன்ஜினீயரிங் ஸ்டேஷனில் யார் யார் பென் டிரைவ் செருகுகிறார்கள், சாவிகள் எந்த நிலையில் இருக்கின்றன, எல்லாவற்றையும் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் ‘என்ன செய்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டால், இந்த வேலையைப் பற்றிச் சொல்லலாம். அடுத்த ஷட்டவுனுக்கான வேலைகளை முடிவு செய்யும்போது, லாஜிக் பேக்கப்பை ஒரு உபரி கன்ட்ரோலரில் ஏற்றி, அது உண்மையில் ஓடுகிறதா என்று பார்க்கும் வேலையையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதை நீங்களே பொறுப்பேற்றுச் செய்யுங்கள்.