இருட்டில் ஒளிரும் பெயிண்ட்: சூடாக்கினால் நல்லதா?

படிக்கட்டு ஓரங்களில் இருட்டில் ஒளிரும் பெயிண்ட் அடித்திருக்கும் ஒரு வாசகரின் கேள்வி இது. விளக்கை அணைத்ததும் பளிச்சென்று இருக்கிறது, நடுராத்திரியில் மங்கிவிடுகிறது, குளிர் நாட்களில் ஆரம்பத்திலிருந்தே மங்கல்தான். ஹேர் டிரையரைக் காட்டினால் பிரகாசம் கூடுகிறதே, தினமும் அப்படிச் செய்யலாமா?

வேண்டாம். சூடு புதிதாக ஒளி எதையும் கொண்டுவருவதில்லை, சேர்த்து வைத்ததைச் சீக்கிரம் செலவாக்குகிறது, அவ்வளவுதான்.

இன்றைய நல்ல பெயிண்ட்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற வேதிப்பொருள், அதில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற உலோகங்கள் துளியளவு சேர்ந்திருக்கும். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான்கள் கிளம்பி, படிகத்துக்குள் குழிகள் போல இருக்கும் இடங்களில் மாட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து மேலே ஏறி வர அவற்றுக்கு ஒரு உந்துதல் வேண்டும், அதைக் கொடுப்பது சுற்றியிருக்கும் வெப்பம். அப்படி வெளியே வந்து யூரோப்பியத்தை அடையும்போதுதான் பச்சை ஒளி பிறக்கிறது, சுமார் 520 நானோமீட்டர் அலைநீளத்தில். ஆகவே சூட்டில் குழிகள் வேகமாகக் காலியாகும், ஒளி அதிகமாகத் தெரிந்து சீக்கிரம் தீரும். குளிரில் எலக்ட்ரான்கள் உள்ளேயே தங்கிவிடும், ஒளி மங்கலாக இருந்தாலும் நீண்ட நேரம் நிற்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பெயிண்ட் அடித்த இரண்டு துண்டுகளை ஒரே வெளிச்சத்தில் வைத்து எடுத்து, தனித்தனி பிளாஸ்டிக் பைகளில் போட்டு (ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டுக்கு ஈரம் ஆகாது, தண்ணீர் அதைச் சிதைத்துவிடும்), ஒன்றை வெந்நீரிலும் மற்றதை ஐஸ் தண்ணீரிலும் இறக்குங்கள். வெந்நீர்த் துண்டு சட்டென்று பிரகாசிக்கும், ஐஸில் இருப்பது அமுங்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் நிலைமை தலைகீழ், குளிர்ந்து கிடந்ததுதான் நன்றாக ஒளிரும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

சரி, உங்கள் படிக்கட்டுக்கு வருவோம். அங்கே எரிவது இதமான மஞ்சள் விளக்கு என்று எழுதியிருக்கிறீர்கள், முக்கியக் குறை அதுதான் என்று நினைக்கிறேன். இந்தப் பொருளை நிரப்புவது புறஊதா, ஊதா, நீல ஒளிகள். சிவப்பு ஒளி எவ்வளவு நேரம் பட்டாலும் நிரப்பாது. மஞ்சள் விளக்கில் நீலத்தின் பங்கு குறைவு. வெள்ளை எல்இடியில் 450 நானோமீட்டரை ஒட்டி நல்ல நீலம் இருக்கிறது, அதை மாட்டுங்கள், முடிந்தால் படிக்கு அருகிலேயே. இதில் நேரத்தைவிட வெளிச்சத்தின் பலம்தான் பெரிது. நேரடி வெயிலில் சில நிமிடங்களிலேயே ஏறக்குறைய நிரம்பிவிடும், அதற்குமேல் நாள் முழுக்க வைத்தாலும் ஒளி அதிகமாகாது. மங்கலான விளக்கில், நிரம்பும் வேகமும் கசியும் வேகமும் பாதியிலேயே சமமாகி நின்றுவிடும்.

பெயிண்ட் மெல்லிசாக இருந்தால் இன்னொரு பூச்சு கொடுங்கள், அடியில் வெள்ளைப் பூச்சு இருந்தால் உள்ளே போகும் ஒளியும் வெளியே தெரிந்துவிடும். அப்புறம், அணைத்த முதல் சில நிமிடங்களில் ஒளி வேகமாகக் குறைவது இதன் இயல்பு, அதைப் பார்த்து பெயிண்ட் மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும், அதனால் அதிகாலை 3 மணிக்கு எழுந்தால் மொபைலைப் பார்க்காமல் நேராகப் படிக்கட்டுக்கு வாருங்கள், மங்கிப் போனதாக நினைத்த கோடு அங்கே தெரியும்.