கட்டணம் கட்டும் நாள் நெருங்குகிறது: வாசகர் கேள்வி - பதில்

என் கணவர் நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் காலமானார். மகளுக்கு ஆகஸ்டில் பல்கலைக்கழகம் தொடங்குகிறது. எனக்குப் பகுதிநேர வேலை, மாதம் 1,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீட்டில் 15 வயது மகனும் மாமியாரும் இருக்கிறார்கள். மசேநிதியில் (மத்திய சேமநிதி, ஓய்வுக்காலச் சேமிப்பு) கைவைக்கலாமா, வங்கியில் கடன் கேட்கலாமா என்று குழம்பிப்போயிருக்கிறேன்.
- வாசகி, ஈசூன்

அம்மா, இரண்டையும் சற்றுத் தள்ளி வையுங்கள். திருப்பிக் கட்ட வேண்டாத பணத்தை முதலில் கேட்க வேண்டும். படிக்கும்வரை வட்டி ஏறாத கடன் அடுத்தது. மசேநிதி அதற்கும் பிறகுதான். துக்க வீட்டில் யார் முதலில் கை நீட்டுகிறார்களோ அவர்களிடம் வாங்கிவிடுகிறோம். அதனால்தான் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது.

கல்வி அமைச்சின் உதவித்தொகை சிங்கப்பூர்க் குடிமக்களுக்கானது. குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, ஒருவருக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்துத்தான் தொகையை முடிவு செய்கிறார்கள். உங்கள் கணவர் 3,800 வெள்ளி சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இருந்தபோது 5,200 வெள்ளியை ஐவருக்குப் பிரித்தால் ஒருவருக்கு 1,040. இப்போது 1,400 வெள்ளியை நால்வருக்குப் பிரித்தால் 350. தொகை குறையக் குறைய உதவி கூடும். ஆனால் கடந்த மாதங்களின் சம்பளத்தையும் மசேநிதிச் சந்தாவையும் வைத்துக் கணக்கிட்டால் பழைய 1,040தான் வந்து நிற்கும். இறப்புச் சான்றிதழையும் உங்கள் அண்மைய சம்பளச் சீட்டுகளையும் இணைத்து, வருமானம் மாறிவிட்டது என்று பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னது கோப்பில் ஏறாது.

இறப்புச் சான்றிதழ் 2022 மே 29 முதல் மின்னிலக்க வடிவில்தான் வருகிறது. ‘மை லெகசி’ இணையத்தளத்திலிருந்து 30 நாளுக்குள் பதிவிறக்கம் செய்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டிருந்தால் கட்டணம் கட்டி இறப்புப் பதிவின் நகலை வாங்க வேண்டும். கையில் இருக்கும் கோப்பை இரண்டு மூன்று இடங்களில் சேமித்து வையுங்கள், எல்லா அலுவலகமும் அதைத்தான் கேட்கும்.

மாமியார் உங்களோடு வசித்தாலும் அவருடைய அடையாள அட்டையில் மூத்த மகன் வீட்டு முகவரி இருந்தால் அவரைக் கணக்கில் சேர்க்காமல் போகலாம். அப்போது 1,400 மூவருக்குப் பிரிந்து ஏறத்தாழ 467 ஆகிவிடும். வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டமும்கூட. வருமானத்தைச் சரிபார்க்க வயது வந்த உறுப்பினர்களின் ஒப்புதலும் தேவைப்படும். ஒருவர் ஒப்புதல் தராமல் விட்டால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். பாட்டிக்கு சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) பழக்கம் இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துக்கொடுங்கள்.

பல பல்கலைக்கழகங்கள் அரசாங்க உதவித்தொகைக்கு மேல் தங்கள் சொந்த நிதியையும் தருகின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2022ல் தொடங்கிய திட்டத்தில், மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களின் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதையும் ஈடுசெய்கிறது. ஆகவே ‘மீதியைக் கடனில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், கட்டணப் பில் முதலில் வரும், உதவித்தொகை பிறகு வரும். அந்த இடைவெளிக்குத்தான் கல்வி அமைச்சின் கட்டணக் கடன். மானியம் போக மாணவர் கட்ட வேண்டிய கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தருவார்கள், பலதுறைத் தொழிற்கல்லூரி என்றால் 75 விழுக்காடு வரை. ஆண்டுக்கு 8,300 வெள்ளி கட்டணம் என்றால் கடன் 7,470, கையிலிருந்து 830. வட்டி படிப்பு முடிந்த பிறகுதான் தொடங்கும். உதவித்தொகை வந்ததும் கடனில் ஒரு பகுதியை அடைத்துவிடலாம். அந்த 830க்கும் மாதச் செலவுக்கும் கல்வி அமைச்சின் படிப்புக் கடன் என்று தனியாக ஒன்று உண்டு. அதற்கு வருமான வரம்பு உண்டு, உங்கள் நிலையில் அந்த வரம்புக்குள் வருவீர்கள்.

மகளின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கையும் பாருங்கள். எடுசேவில் (பள்ளி மாணவர்களுக்கு அரசாங்கம் பணம் போடும் கணக்கு) செலவழிக்காமல் விட்ட பணம் அங்கேதான் போய்ச் சேரும். அப்படி ஒரு கணக்கு இருப்பதையே பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. அந்தப் பணத்தை உடன்பிறந்தவரின் படிப்புக்கும் பயன்படுத்தலாம்.

மசேநிதி கல்விக் கடனைக் கடைசியில் வைக்கச் சொல்லக் காரணம் உண்டு. சாதாரணக் கணக்கில் 40 விழுக்காடு வரை எடுக்கலாம். ஆனால் எடுத்த நாளிலிருந்தே 2.5 விழுக்காடு வட்டி ஓடத் தொடங்கும், மகள் பின்னர் அதை ரொக்கமாகக் கட்ட வேண்டும். வீட்டுக் கடன் தவணையும் அதே கணக்கிலிருந்துதான் போகிறது என்றால், ஒரு சம்பளத்தில் நடக்கும் வீட்டுக்கு அந்த ஓட்டை பெரியது.

என் கணவர் மசேநிதிக்கு வாரிசு நியமனம் செய்யவில்லை. பணம் எப்போது, யாருக்குக் கிடைக்கும்?
- அதே வாசகி

நியமனம் இல்லாத மசேநிதிப் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். உயிலில் எழுதியிருந்தாலும் மசேநிதிக்கு அது செல்லாது. முஸ்லிம் அல்லாதோருக்கு மனைவிக்குப் பாதி, மறு பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருக்கும்போது மாமியாருக்குச் சட்டப்படி பங்கு இல்லை. இதைக் குடும்பத்தில் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. முஸ்லிம் குடும்பங்கள் ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழைக் காட்ட வேண்டும். மகனின் பங்கு அவருக்கு 18 வயதாகும்வரை அறங்காவலரிடம் இருக்கும். ஆகவே மகளின் முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மசேநிதியோடு சேராத இரண்டு காப்புறுதிகளைத் தேடுங்கள். ஒன்று சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம். 2021 ஏப்ரல் முதல் கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம் நடத்துகிறது. 60 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 70,000 வெள்ளி, 60க்கு மேல் 65 வரை 55,000 வெள்ளி. மசேநிதி நியமனம் இதற்குப் பொருந்தாது, தனியாகத்தான் கோர வேண்டும். சந்தா பிடிக்க மசேநிதியில் பணம் இல்லாமல் போயிருந்தால் காப்புறுதி காலாவதியாகியிருக்கும், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றொன்று வீட்டுப் பாதுகாப்புத் திட்டம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடனில் அவர் எத்தனை விழுக்காட்டுக்குக் காப்பு எடுத்திருந்தாரோ அந்தப் பங்கு அடைபடும். தவணை குறைந்தால் மாதக் கையிருப்பே மாறிவிடும். கல்விக்கு எவ்வளவு துண்டு விழுகிறது என்பதை அதன் பிறகு கணக்குப் போடுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் கட்டணக் கடனுக்கு அப்பாதான் உத்தரவாதம் கொடுத்தவர். அவர் போய்விட்டார். கடனை வங்கி நிறுத்திவிடுமா? அவருடைய கடன் அட்டை நிலுவையை நானும் அம்மாவும் கட்டச் சொல்லி அழைப்புகள் வருகின்றன.
- மாணவர், உட்லண்ட்ஸ்

தம்பி, வங்கி கடிதம் அனுப்பும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். வேறோர் உத்தரவாததாரரைக் கேட்பார்கள்: 21 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும், நொடிப்பு நிலையில் இருக்கக் கூடாது. அம்மாவோ, மாமா, சித்தப்பாவோ வரலாம். கையெழுத்து போடுகிறவரிடம், நீங்கள் கட்டத் தவறினால் பொறுப்பு அவருடையது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். உறவில் ஆள் கிடைக்கவில்லை என்றால் கல்லூரியின் மாணவர் சேவைப் பிரிவில் உடனே பேசுங்கள்.

கடன் அட்டை விஷயத்தில் பதறாதீர்கள். இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டியது. பிள்ளை என்பதற்காக உங்கள் பையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. நீங்களோ அம்மாவோ கூட்டாகக் கடன் வாங்கியிருந்தால், உத்தரவாதம் கொடுத்திருந்தால் கதை வேறு. நியமனம் செய்த மசேநிதிப் பணம் அவருடைய சொத்தில் சேராது, கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. அழைப்பவரிடம் ‘சரி, மாதம் நூறு வெள்ளி கட்டுகிறேன்’ என்று வாய்தவறிக்கூடச் சொல்ல வேண்டாம். எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அழைப்பவர் உண்மையில் வங்கியைச் சேர்ந்தவர்தானா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

உதவித்தொகைப் படிவத்தில் ‘உங்கள் சூழ்நிலையை விளக்குக’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. மகன் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறான், படித்தால் அழுகை வருகிறது. இது போதுமா?
- வாசகர், புக்கிட் பாஞ்சாங்

அழுகை வந்தால் போதாது, எண் தெரிய வேண்டும். தேர்வுக் குழு ஒரே மாலையில் பல கடிதங்களைப் படிக்கும். என்ன நடந்தது, எந்தத் தேதியில் என்பதை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். முன்பு வீட்டுக்கு எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு வருகிறது. வாடகை அல்லது தவணை, மருந்து, பயணம் என்று மாதம் தவறாமல் போவது எவ்வளவு. எல்லா உதவியும் கிடைத்தாலும் இந்த ஆண்டு எத்தனை வெள்ளி குறைகிறது என்பதுதான் கடிதத்தின் உயிர்நாடி, பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதுதான். ஏற்கெனவே எங்கெங்கே விண்ணப்பித்தார், என்ன பதில் வந்தது என்பதையும் சேர்க்கட்டும். மறைத்தால் பின்னால் தெரிந்துவிடும், சில உதவித்தொகைகளை ஒன்றாக வைத்துக்கொள்ளவும் விடமாட்டார்கள்.

மதிப்பெண் சரிந்திருந்தால் அந்தப் பருவத்தையும் காரணத்தையும் அவரே எழுதிவிட வேண்டும். குழு எப்படியும் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும். மொத்தம் அரைப் பக்கம் போதும். மகன் எழுதியதைத் தூக்கி எறிய வேண்டாம், நேர்காணலுக்குப் போகும்போது பேச உதவும்.

ஒரே இடத்தில் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கவும் கூடாது. பீட்டி சாலையில் உள்ள சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்), சில கோயில்கள், குலச் சங்கங்கள், சமூக மன்றங்கள் என ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி, தனி நிபந்தனை. ஒரு தாளில் கடைசி நாள்களை வரிசைப்படுத்திக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

அப்பா இறக்கவில்லை, ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?
- மாணவி, தெம்பனிஸ்

பொருந்தும். இறப்புச் சான்றிதழுக்குப் பதில் நிறுவனத்தின் ஆட்குறைப்புக் கடிதம். அப்பாவுக்கு மீண்டும் வேலை கிடைத்தால் அதையும் தெரிவித்துவிடுங்கள். வீட்டுச் செலவே தடுமாறினால் அப்பாவைச் சமூக சேவை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அது படிப்புப் பணத்திலிருந்து தனி.

என் தோழியின் பெற்றோர் இருவருமே இல்லை. வேலையிடத்தில் நாங்கள் சேர்ந்து இணையத்தில் நிதி திரட்டித் தர நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, ஜூரோங் வெஸ்ட்

முதலில் தோழியைக் கேளுங்கள். அவர் முகமும் துயரமும் இணையத்தில் ஏறிவிட்டால் வேலைக்குப் போகும் காலத்திலும் தேடினால் கிடைக்கும்.

அவர் சம்மதித்தால், உங்கள் சொந்த வங்கிக் கணக்கையோ பேநவ் எண்ணையோ போட்டுப் பணம் கேட்காதீர்கள். யாராவது கணக்கு கேட்டால் பதில் சொல்ல முடியாது. ‘ரே ஆஃப் ஹோப்’ போன்ற பதிவுபெற்ற அறநிறுவனம் தேவையைச் சரிபார்த்த பிறகே வேண்டுகோளை வெளியிடுகிறது. சரிபார்ப்புக்கு நாள் பிடிக்கும், அதனால் கட்டணத் தேதிக்கு முந்திய வாரம் போய் நிற்கக் கூடாது. தொகையை உருண்டையாக ‘20,000’ என்று போடாமல் பிரித்துக் காட்டுங்கள்: உதவித்தொகை போக மீதிக் கட்டணம், பேருந்து ரயில் செலவு, உணவு, மடிக்கணினி. எதற்கென்று தெரிந்தால்தான் முன்பின் தெரியாதவர் கொடுப்பார். அடையாள அட்டை, இறப்புச் சான்றிதழ் படங்களை அமைப்பிடம் மட்டும் காட்டுங்கள், பொதுப் பக்கத்தில் வேண்டாம்.

250 விழுக்காடு வரிக் கழிவு கிடைக்குமா என்று சக ஊழியர்கள் கேட்பார்கள். அந்தத் தகுதி பெற்ற பொதுநல அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்குத்தான் அது. தனிநபருக்கு நேரே கொடுத்தால் கிடையாது. உண்டியல் எடுத்துக்கொண்டு வீடு வீடாகவோ எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலோ போக நினைத்தால் அதற்கு உரிமம் வேண்டும்.

‘மாணவர் கடன், 5,000 வெள்ளி, ஒரே மணி நேரத்தில்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. இரண்டு மாதத்தில் அடைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.
- பெயர் வேண்டாம், செங்காங்

வேண்டாம். உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் குறுஞ்செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் விளம்பரம் செய்யச் சட்டம் விடுவதில்லை. ஆக, அனுப்பியவர் ஆலோங் (உரிமமின்றிக் கடன் கொடுப்பவர்) அல்லது மோசடிக்காரர். ‘முதலில் 300 வெள்ளி செயலாக்கக் கட்டணம் அனுப்புங்கள்’ என்பார், பிறகு காணாமல் போவார். சிங்பாஸ் விவரமோ அடையாள அட்டைப் படமோ ஏற்கெனவே கொடுத்திருந்தால் சிங்பாஸ் மறைச்சொல்லை இன்றே மாற்றி, காவல்துறையில் புகார் கொடுங்கள்.

உரிமம் உள்ளவரிடமே போனாலும் மாதம் 4 விழுக்காடு வரை வட்டி, கடன்தொகையில் 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணம், தாமதித்தால் மாதம் 60 வெள்ளி வரை. 2,000 வெள்ளி வாங்கினால் 200 முதலிலேயே பிடித்துக்கொண்டு 1,800தான் கைக்கு வரலாம். கட்டணத் தேதி நெருக்குகிறது என்றால் கல்லூரியின் நிதி அலுவலகத்தில் தவணை அல்லது தேதி நீட்டிப்பு கேளுங்கள். அவசர நிதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.